சிகிச்சைச் சலுகைக்குப் போதகர் கடிதம் கேட்கலாமா?

#1 ரசீதுக்காரன்

சபை நடத்தும் ஒரு மருத்துவமனையில் ஒன்பது வருடமாக பில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு எங்களிடம் ஒரு சலுகைப் படிவம் உண்டு. ஒரே பக்கம்தான். பெயர், வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர் என்று போய், கடைசி வரியில் "சபைப் போதகரின் பரிந்துரைக் கடிதம் இணைக்கவும்" என்று இருக்கும்.

போன வாரம் ஒருவர் வந்தார். மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ். படிவத்தை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. கண்ணாடித் துளைக்குக் குனிந்து, "சார், போதகர்னா யாரு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர் எங்களுக்கெல்லாம் தருவாரா?" என்றார். மேலாளரைப் பாருங்கள் என்று சொல்லி நழுவிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து யாரிடமோ கடன் வாங்கி முழுத் தொகையையும் கொண்டுவந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றாமலே நோட்டுக் கட்டை நீட்டினார். எண்ணி, ரசீது போட்டுக் கொடுத்தேன்.

என் தலைக்கு மேலே சுவரில் மத்தேயு 25:36 எழுதியிருக்கிறது. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." நான் எண்ணி முடிக்கும்வரை அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி வரி சரியா? நாளைக்கே அது போய்விட்டாலும், சலுகை கொடுப்பதோடு நம் அழைப்பு முடிந்துவிடுகிறதா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

#2 தோமாவின்_விரல்

அந்த வசனத்தில் உள்ள "விசாரிக்க" என்ற சொல்லைக் கவனித்தீர்களா அண்ணா? பழைய மொழிபெயர்ப்பில் அதற்குப் பேணுதல், பார்த்துக்கொள்ளுதல் என்று பொருள். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவந்த நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று சொல்வதும் அதே சொல்தான். இன்று விசாரணை என்றால் போலீஸ் ஞாபகம் வருகிறது. நாம் இன்றைய பொருளில் மட்டும் வசனத்தை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம். வருமானம் என்ன, ரேஷன் அட்டை எங்கே, எந்தச் சபை?

சமாரியன் அடிபட்டவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவன் இல்லை, குற்றுயிராகக் கிடந்தான். அந்தக் கதையில் பரிந்துரைக் கடிதம் யாருக்காவது கிடைத்திருக்கும் என்றால், அவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும்தான். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியனுக்கு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அவ்வளவுதான் என் கருத்து.

#3 கறார்

உணர்ச்சிக்கு நடுவே கொஞ்சம் கணக்கும் பேசுவோம். அறக்கட்டளைகளுக்குத் தணிக்கை பார்ப்பது என் தொழில். போதகர் கடிதம் என்ற ஏற்பாடு கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. வந்தவர் உண்மையிலேயே ஏழைதானா என்று மருத்துவமனைக்குத் தெரியாது, ஊரில் யாருக்காவது தெரியும். அந்த "யாராவது" ஒரு காலத்தில் போதகராக இருந்தார். அப்படி வந்த வரி அது.

கேட்டவர்க்கெல்லாம் சலுகை கொடுத்த ஓர் இடத்தின் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வாங்கிக்கொண்டவர்கள் காரில் வந்தவர்கள். கேட்கக் கூச்சம் இல்லாதவர்கள் அவர்கள். நான்கே வருடத்தில் குழந்தைகள் வார்டை மூடினார்கள். ஆக்சிஜனுக்கும் செவிலியர் சம்பளத்துக்கும் வசனத்தைக் காட்டிக் கடன் வாங்க முடியாது. சத்திரக்காரனுக்கும் கரண்ட் பில் உண்டு சகோதரரே.

#4 இரவு_டூட்டி

நான் செவிலியர். நீங்கள் எல்லோரும் கவுன்டர் வரை வந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கவலை வராதவர்களைப் பற்றி.

ஒரு அம்மா. சர்க்கரை நோய், காலில் புண். பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வந்தார். அவிழ்த்தபோது துணியின் கடைசிச் சுற்று தோலோடு வந்தது. உப்புத்தண்ணீர் ஊற்றி ஊற்றி ஊறவைத்துத்தான் எடுத்தேன். எத்தனை நாளாக இருக்கிறது என்றால் பதில் இல்லை, "எவ்வளவு ஆகும்மா?" என்பதுதான் பதில். பெயர் சொல்வதற்கு முன்னால் கேட்ட கேள்வி அது. மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையும் கட்டும் போதும். அன்று இரண்டு விரல் போயிற்று. பில் கட்ட வழியில்லாதவர் பில்லைக் கண்டு பயப்படுவதில்லை, மருத்துவமனையைக் கண்டே பயப்படுகிறார். இதைச் சலுகைப் படிவம் தீர்க்காது, ஏனென்றால் படிவம் இருப்பது உள்ளே.

மாற்கு 5இல் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் கேட்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமான அவள் விசுவாசம் பற்றித்தான் எப்போதும் பேச்சு. பல வைத்தியர்களிடம் போய்க் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமாகாமல் இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதிய வரியில் யாரும் நிற்பதில்லை. மருத்துவச் செலவால் ஒரு குடும்பம் ஓட்டாண்டியாவது சுவிசேஷத்திலேயே இருக்கிறது.

(ஒரு வேடிக்கை: லூக்கா அதே சம்பவத்தை எழுதும்போது "மோசமானாள்" என்பதை விட்டுவிடுகிறார். அவர் வைத்தியர் அல்லவா, தொழில் தர்மம்!)

#5 மணல்கடிகாரம்

இரவு_டூட்டி அக்கா, லூக்காவை நன்றாகப் பிடித்தீர்கள் :)

கொஞ்சம் சரித்திரம். மருத்துவமனை என்கிற ஏற்பாடே பணம் இல்லாதவர்களுக்காகத்தான் பெரிய அளவில் வந்தது. ரோமப் பேரரசில் வசதியுள்ளவன் வீட்டுக்கே வைத்தியன் வருவான். படைவீரர்களுக்கும் அடிமைகளுக்கும் தனித்தனி மருத்துவக் கூடங்கள் இருந்தன, ஏனென்றால் அவர்கள் உழைப்பு முதலாளிக்கு வேண்டும். யாருக்கும் பயன்படாத ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் ஒன்றும் இல்லை.

கப்பத்தோக்கியாவில் (இன்றைய துருக்கி) செசரியா நகரின் பேராயர் பசிலியு 370களில் ஊருக்கு வெளியே ஒரு வளாகம் கட்டினார். நோயாளிகளுக்கு வைத்தியர்கள், தாதிகள், வழிப்போக்கருக்கு இடம், யாரும் கிட்டே சேர்க்காத தொழுநோயாளிகளுக்குத் தனிப் பராமரிப்பு. அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரி அதைப் புதிய நகரம் என்றே அழைத்தார். ரோமில் 390 வாக்கில் ஃபபியோலா என்ற செல்வப் பெண் தன் சொத்தைப் போட்டு ஒரு நோயாளர் இல்லம் தொடங்கி, தெருவில் கிடந்தவர்களைத் தானே தூக்கிவந்து புண் கழுவினார்.

அவர்கள் என்னென்ன படிவம் கேட்டார்கள் என்று எங்கேயும் பதிவாகவில்லை.

#6 சும்மா_ஒருவன்

நான் கிறிஸ்தவன் இல்லை, எந்த நம்பிக்கையும் இல்லாதவன். ஒரு கேள்வி, கோபிக்க வேண்டாம். இத்தனை மருத்துவமனைகளும் ஆள் பிடிக்கத்தானே? ஊசி ஒரு கையில், வேதாகமம் மறு கையில். அந்தப் போதகர் கடிதமே அதற்குச் சாட்சி இல்லையா? எங்களிடம் வந்தால் சலுகை என்பதுதானே அந்த வரியின் பொருள்?

#7 தோமாவின்_விரல்

கோபம் இல்லை நண்பரே. அப்படி நடந்த இடங்கள் உண்டு, மறுத்தால் பொய் சொன்னவனாவேன். படுக்கையில் கிடப்பவனுக்குப் "போ" என்று சொல்லும் சக்தி இருக்காது. அந்த நேரத்தில் அவனிடம் மதம் பேசுவது அவன் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

ஆனால் எதிர்த்தரப்பு சாட்சி ஒன்றும் இருக்கிறது. ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர், நம் ஆட்களைப் பிடிக்கவே பிடிக்காது. 362 வாக்கில் கலாத்தியாவில் இருந்த தன் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நமக்கு வெட்கமாக இருக்கிறது, நாமும் ஊருக்கு ஊர் விடுதி கட்ட வேண்டும் என்று.

எதிரியே எரிச்சலோடு ஒப்புக்கொண்ட விஷயம் அது, "நம் ஏழைகளையும் சேர்த்து." ரசீதுக்காரன் அண்ணனின் படிவத்தில் தொலைந்துபோனது அந்த ஒரு சொல்தான். "சேர்த்து".

#8 பழைய_பிரசங்கி

நான் ஓய்வுபெற்ற போதகர். அந்தக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சபையின் முதல் வேலை சுவிசேஷம். மருத்துவக் கொள்கை, காப்பீடு, சட்டம் என்று இறங்கினால் சபை இன்னொரு தொண்டு நிறுவனமாகிவிடும் என்ற பயம் எனக்கு இன்றும் உண்டு. சிலுவையை எடுத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிவைத்த சபைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். மாதத்துக்கு நாலைந்து கடிதம் எழுதுவேன். தெரிந்தவருக்கு எழுதுவது சுலபம். தெரியாதவர் வாசலில் நின்றால்? செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, தன் நோயைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் ஓர் அந்நியனிடம் ஒப்பிக்க வேண்டும். நான் தலையாட்ட வேண்டும். ஒருமுறை ஓர் இளைஞன் சபைக்கு ஒழுங்காக வருவதாகத் தானே பொய் சொன்னான், பாவம். எந்தக் கிழமை ஆராதனை என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். "இவர் எனக்கு நன்கு அறிமுகமானவர்" என்று. அது பொய். என்னை அந்தப் பொய் உறுத்தவில்லை, அவனைப் பொய் சொல்ல வைத்த ஏற்பாடுதான் இன்றுவரை உறுத்துகிறது.

யோவான் 5இல் பெதஸ்தா குளம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவனுக்கு மட்டும் குணம் என்பது அங்கிருந்தவர்களின் நம்பிக்கை. முப்பத்தெட்டு வருடமாகக் கிடந்தவன் என்ன சொல்கிறான்? என்னை இறக்கிவிட ஆளில்லை, நான் போவதற்குள் இன்னொருவன் முந்திவிடுகிறான் என்கிறான். யாரால் நடக்க முடியுமோ அவனுக்குத்தான் சுகம் கிடைக்கும் ஏற்பாடு அது. இயேசு அவனைக் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை, வரிசையையே தாண்டிப் போய்விட்டார். இத்தனை வருடம் இந்தப் பகுதியைப் பிரசங்கித்தும் என் கடிதத்தாளும் ஒரு பெதஸ்தாதான் என்று எனக்கு உறைக்கவில்லை.

#9 இரவு_டூட்டி

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

#10 மணல்கடிகாரம்

ஐயாவின் "இறக்கிவிட ஆளில்லை" என்பதைப் பிடித்துக்கொண்டு போகிறேன். தடை எப்போதும் பணமாகவே இருப்பதில்லை.

ஐடா ஸ்கடர் கதை பலருக்குத் தெரியும். மிஷனரி மருத்துவர் வீட்டுப் பெண், ஊழியத்துக்கு வர விருப்பமே இல்லாமல் இருந்தவர். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்தார்கள், பிரசவத்தில் மனைவி தவிக்கிறாள் என்று. அவருடைய அப்பா மருத்துவர், போகத் தயார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூன்று வீட்டாரும் திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார், பணம் ஒரு பிரச்சினையே இல்லை, ஆனாலும் சிகிச்சை எட்டவில்லை. அதற்காகவே மருத்துவம் படித்துவிட்டு 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியது. தான் ஒருத்தி ஓடிக்கொண்டே இருப்பதைவிட நூறு பெண்களை மருத்துவர்களாக்கலாம் என்ற கணக்கு.

பிற்காலத்தில் ஆண்களையும் சேர்த்துக்கொண்ட அதே இடத்தில் படித்த ஆரோலே தம்பதி, ரஜனிகாந்தும் மேபலும், 1970இல் மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் போனார்கள். கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். யாரைத் தொடக்கூடாது என்று ஊர் சொன்னதோ அவர்தான் பிரசவம் பார்க்க வந்தார். அக்கா #4இல் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இது. வராதவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி போய்விடுகிறாள். அந்தக் கால் புண்ணை மூன்று வாரம் முன்னாலேயே பார்த்துவிடுவாள்.

இன்னொன்று, இது அதிகம் பேர் அறியாதது. உலகத் திருச்சபைகள் மன்றம் 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் என்று ஒன்றை அமைத்தது. சபைகளின் மருத்துவப் பணி பெரும்பாலும் கட்டடங்களுக்குள் முடங்கிவிட்டது, பெரும்பான்மை மக்கள் வெளியே இருக்கிறார்கள் என்று தங்களைத் தாங்களே கேள்வி கேட்டுக்கொண்டார்கள். ஜெனீவாவில் அவர்கள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் அருகருகே. ஜாம்கேட் போன்ற அனுபவங்கள் அங்கே பேசப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய 1978 அல்மா ஆட்டா மாநாடு "அனைவருக்கும் ஆரோக்கியம்" என்று அறிவித்ததற்குப் பின்னால் இந்தப் பேச்சுவார்த்தைகளுக்கும் பங்குண்டு.

#11 கறார்

எல்லாம் நல்லது. ஆனால் அனைவருக்கும் என்றால் அது வரிப்பணத்தில் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. 2021 நிலவரப்படி சுமார் 450 கோடிப் பேருக்கு அத்தியாவசிய மருத்துவச் சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து கணக்கு வெளியிட்டன. காணிக்கைத் தட்டை எத்தனை முறை சுற்றினாலும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வராது. சபை தன்னால் முடிந்த தர்மத்தைச் செய்யட்டும், மிச்சம் அரசுக்கு.

#12 பனிப்பாதை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் இருப்பது கனடாவில்.

கறார் சார், அரசு செய்ய வேண்டும் என்பதை இங்கே முதலில் செய்து காட்டியவர் ஒரு பாப்டிஸ்ட் போதகர். டாமி டக்ளஸ். சிறுவனாக இருந்தபோது எலும்பில் சீழ் வைத்து, காலை எடுக்க வேண்டிய நிலை. பெற்றோரிடம் பெரிய நிபுணரைப் பார்க்கப் பணம் இல்லை. ஒரு அறுவைசிகிச்சை நிபுணர், மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள அனுமதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது.

நாம் என்றால் என்ன செய்வோம்? ஆலயத்தில் சாட்சி சொல்வோம், அந்த மருத்துவருக்காக ஸ்தோத்திரம் சொல்வோம். அவரும் நன்றியோடுதான் இருந்தார். ஆனால் ஒரு பையனின் கால், அவன் அப்பாவின் பையில் இருக்கும் பணத்தையோ ஒரு மருத்துவரின் நல்ல மனசையோ நம்பி இருக்கக் கூடாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. போதகராக இருந்து அரசியலுக்கு வந்து 1944இல் சஸ்காச்சவன் மாகாண முதல்வரானார். 1947இல் மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு. 1962 ஜூலை 1 அன்று மருத்துவர் கட்டணமும் சேர்ந்தது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 23 நாள் நடந்தது. திட்டம் நிலைத்தது, பிறகு நாடு முழுவதும் பரவியது. இங்கேயும் காத்திருப்புப் பட்டியல் நீளம்தான், எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பில் எவ்வளவு ஆகும் என்ற கேள்வியோடு யாரும் மருத்துவமனைக்குள் நுழைவதில்லை.

தர்மம் அந்த ஒரு காலைக் காப்பாற்றியது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சக் கால்களைக் காப்பாற்றியது சட்டம்தான்.

#13 சும்மா_ஒருவன்

போதகர் ஒருவர் இதைச் செய்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. #6இல் நான் கேட்டதை முழுக்கத் திரும்பப் பெறவில்லை, பாதி வாபஸ்.

#14 கறார்

பனிப்பாதை, ஒப்புக்கொள்கிறேன். ஆப்பிரிக்க நாடான மலாவியில் சபை மருத்துவமனைகள் அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. தாய்-சேய் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டாம், மருத்துவமனை பில்லை அரசுக்கு அனுப்பும். அரசு பணம் தாமதமாகும், இழுபறி உண்டு. ஆனாலும் கர்ப்பிணி கவுன்டரில் நிற்க வேண்டியதில்லை.

யோசித்தால் சமாரியன் செய்ததும் இதே கணக்குதான். இரண்டு பணம் முன்பணம், அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி. மேலே ஆனால் நான் திரும்பிவரும்போது தருகிறேன் என்ற வாக்குறுதி. சத்திரக்காரனுக்கு நஷ்டமில்லை. அடிபட்டவன் கண் விழிக்கும்போது பணப் பேச்சு முடிந்திருந்தது. தணிக்கைக்காரனாக இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ரசீதுக்காரன், உங்கள் இடத்துக்கு நடைமுறை யோசனை: படிவத்தை டிஸ்சார்ஜில் கொடுக்காதீர்கள், சேர்க்கையின்போதே கொடுங்கள். கடிதத்துக்குப் பதில் வார்டு சமூகப் பணியாளர் கட்டிலருகே உட்கார்ந்து நாலு கேள்வி கேட்கட்டும். யார் எந்தச் சபை என்பது அதில் வேண்டாம். சலுகைக்கென்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்குங்கள், சபைகள் காணிக்கையை அதற்கு அனுப்பட்டும். அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் யார் யார் வருவார்கள் என்று பார்க்க ஒரு ஆள் போடுங்கள். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தகுதி இருக்கும், அவர்களுக்கே தெரியாது. கார்க்காரர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சமூகப் பணியாளருக்குக் கண் இருக்கிறது.

#15 ரசீதுக்காரன்

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. #8, #12, #14 மூன்றையும் அச்செடுத்து நிர்வாகக் குழுவில் ஒருவரிடம் கொடுத்தேன். (பிரசங்கி ஐயா, உங்கள் பெயர் தெரியாததால் "ஒரு மூத்த போதகர்" என்று சொல்லிவிட்டேன்.)

நேற்றுக் கூட்டம். எல்லாம் நடந்துவிடவில்லை. சமூகப் பணியாளர் நியமனம் அடுத்த வருட பட்ஜெட்டில் பார்ப்போம் என்றார்கள். ஒதுக்கீட்டுத் தொகை பற்றி நிறைய வாதம், முடிவில்லை. படிவத்தைச் சேர்க்கை மேசைக்கு மாற்றச் சம்மதம். கடைசி வரியை எடுக்கவும் சம்மதம், இரண்டு பேர் எதிர்ப்பு.

ஆனால் பழைய படிவம் கட்டுக் கட்டாக அச்சடித்துக் கிடக்கிறது. தீரும்வரை அதையே பயன்படுத்த வேண்டுமாம், வரியைக் கையால் அடித்துவிட்டு. இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒரு கட்டு முடித்தேன்.

#16 இரவு_டூட்டி

அந்த அப்பா?

#17 ரசீதுக்காரன்

கட்டிய பணத்தைத் திருப்பித் தர விதி இல்லை என்கிறார்கள். பையனுக்குத் தையல் பிரிக்க வியாழக்கிழமை வருவார். அன்று கவுன்டரில் நான்தான் இருப்பேன்.

#18 கறார்

வியாழனுக்கு முன்னால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அந்த விதியை நான் ஒருமுறை படிக்க வேண்டும். அப்புறம், கையால் எதற்கு அடிக்கிறீர்கள்? "ரத்து" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டால் ஒரு நாளில் முடிந்துவிடும்.

#19 ரசீதுக்காரன்

தெரியும் சார். பேனாவாலேயே அடிக்கிறேன்.